பொதுப் பாடசாலையைப் பூட்டியவர் யார்?

தம் பிள்ளையைத் தனியார் பாடசாலையிற் சேர்ப்பது பெற்றோரின் உரிமை. இதில் இனம் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் உளர். அன்னாருக்கு அமெரிக்க நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்து வரலாறொன்றையே விடையாக முன்வைக்கின்றோம்.

பிரின்ஸ் எட்வேர்ட் என்பது புகையிலை விளையும் மாவட்டம். தார்த்தாள் போர்த்திய கொட்டில்களிலே கல்வி கற்ற கறுப்பின மாணவர், 1951இல், பார்பரா ஜோன்ஸ் என்னும் 16 வயது மாணவியின் தலைமையில் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அதிலிருந்து பிறந்த வழக்கையும் உள்ளடக்கியே, பொதுப் பாடசாலைகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்பளித்தது.

மாவட்ட சபை தீர்ப்புக்குத் தலைவணங்கிற்றா? இல்லை! 1959இல் பாடசாலைகளுக்கென வரி விதிக்கவே மறுத்தது. பொதுப் பாடசாலைகள் யாவும் பூட்டப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்கெனத் தனியார் பாடசாலை உடனே எழுந்தது. அடுத்த ஆண்டே அதன் கட்டணத்துக்கு அரசாங்க மானியமும், நன்கொடையாளருக்கு வரிச் சலுகையும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் கைவிடப்பட்டனர். ஏழை வெள்ளையர் சிலரின் பிள்ளைகளும் அவ்வாறே. கறுப்பின விவசாயி கட்டிய வரியும் சேர்ந்த பொதுப்பணம், அவன் பிள்ளை நுழைய முடியாத பாடசாலைக்குப் போயிற்று. இதற்குப் பெயர் பெற்றோர் உரிமையாம்!

பாடசாலைகளைத் திறக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்ற தீர்ப்பு 1964இலேயே வந்தது. இழந்த ஐந்தாண்டுகளை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? திறந்த பொதுப் பாடசாலைகளில் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். தனியார் பாடசாலையில் அனைவரும் வெள்ளையர்.

இனங் காரணமாக அனுமதி மறுக்கும் உரிமை தனியார் பாடசாலைக்கு இல்லையென 1976இலும், இன வேற்றுமை பேணும் கல்வி நிலையத்துக்கு வரிவிலக்கு இல்லையென 1983இலும் அதே நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் 2019இல் அந்நாட்டுத் தனியார் பாடசாலை மாணவருள் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினர் வெள்ளையர். பொதுப் பாடசாலைகளிலோ வெள்ளையர் பாதிக்கும் குறைவு. வாயிற்பலகை அகன்றது, அதன் வேலையிற் பெரும்பங்கைக் கட்டணமும் குடியிருப்பும் இன்று செய்கின்றன.

இது அயலார் பாவம் என்று நாம் மார்தட்டல் தகுமா? உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்ற விதியை 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் எதிர்த்தோர் யார்? நம்மவரே அன்றோ! இன்று எவரும் அவ்வாறு வாய்திறந்து கூறார். வசதி படைத்தோர் சந்தடியின்றி ஊர்ப் பாடசாலையை விட்டு அகல்வர், அவ்வளவே.

வைத்தியரே, வழக்கறிஞரே, பொறியியலாளரே! உங்கள் பிள்ளையோடு நீங்கள் அங்கிருந்து கொண்டுபோவது ஓர் ஆசனத்தை மட்டுமன்று. ஆசிரியர் வராதவிடத்து மனு எழுதும் கையையும், அதிகாரி செவிசாய்க்கும் குரலையும் சேர்த்தே கொண்டுபோகின்றீர்கள். எஞ்சுவோர் கமக்காரன் பிள்ளைகளே.

தனியார் பாடசாலை நடத்துவோர் நடத்துக. ஆனால் பொதுப்பணத்தில் ஒரு சதமேனும் பிரிவினைச் சுவரெழுப்பச் செல்லலாகாது. ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் படித்தவனும் பயிரிடுபவனும் அருகருகே அமர்தல் வேண்டும். சம உரிமையை ஆட்சியாளரிடம் கேட்கும் நாம், அதனை நம் ஊர் வகுப்பறையிலேயே நிலைநாட்டிக் காட்டுவோமாக!