28 நாள் மாதம்

ஆலைத் தொழிலாளிக்கு மாதம் என்றால் 30 நாள். விவசாயத் தொழிலாளிக்கோ மாதம் என்று ஒன்று கிடையாது. வேலை கிடைத்த நாளே நாள். ஆனால் செல்போன் கம்பெனி முதலாளிகளின் பஞ்சாங்கத்தில் மாதம் என்பது 28 நாள்! 28 நாளுக்கு ஒரு தரம் பணம் கட்டினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தரமல்ல, பதின்மூன்று தரம் கட்டியாக வேண்டும். பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கேட்டு நமது ஆலைத் தோழர்கள் எத்தனை தீபாவளிக்கு வாயிற்கூட்டம் போட்டிருக்கிறார்கள்! கம்பெனிகளோ யாரையும் கேட்காமல், நம் மடியில் கைவிட்டு அந்தப் போனஸை எடுத்துக்கொள்கின்றன.

இந்த அநியாயம் வெகுநாள் நடந்த பிறகு 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கண் விழித்தது. முழு 30 நாள் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது. கூட்டேரிப்பட்டு கடைவீதியில் போய் ரீசார்ஜ் கேட்டுப் பாருங்கள், முதலில் வருவது 28 நாள் திட்டம்தான்.

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. மூன்று முதலாளிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஞானம் எப்படி உதித்ததோ! நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆயிற்று. ஆண்டுக்கு 13 தரம் கட்டினால் 3,887 ரூபாய். இது ஒரு செல்போனுக்கு. அதைத் தகப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

"கூலிக்காரனுக்கு இண்டர்நெட் எதற்கு? சினிமா பார்க்கவா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. பார்த்தால்தான் என்ன? பகலெல்லாம் நாற்று நட்டவள் இரவில் ஒரு பாட்டுக் கேட்கக் கூடாதா? ஆனால் விஷயம் அதுவல்ல. இண்டர்நெட் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் நாமல்ல. நம் தலையில் அதைக் கட்டியவர்கள் சர்க்கார்தான். நூறு நாள் வேலையில், 2023 ஜனவரி 1 முதல், வருகையைச் செல்போன் செயலியில்தான் பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தியது. ஒரு நாளில் இரண்டு போட்டோ. ஏரியில் மண் வெட்டிய பெண்களைக் கரையில் நிறுத்திவைத்துவிட்டு, பணித்தளப் பொறுப்பாளர் சிக்னல் தேடி மேட்டுக்கு மேடு அலைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். போட்டோ போய்ச் சேராவிட்டால் அன்றைய கூலியே தகராறு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் மக்கர் செய்தால் "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்கிறார்கள். நாளைக்கு வந்தால் நாளைய கூலி போச்சு. முதியோர் பென்ஷன் மனு, சாதிச் சான்றிதழ், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்த மாயக் கம்பியில்தான் போக வேண்டும்.

இனி வேகத்துக்கு வருவோம். ஒன்றரை ஜி.பி. தீர்ந்தவுடன் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸாக இறங்கிவிடும் என்று திட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். 64 என்றால் என்ன? நூறு எம்.பி. அளவுள்ள ஒரு பாடத்தை இறக்க ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்! 2 எம்.பி.பி.எஸ். வேகம் இருந்தால் அதே பாடம் ஏழு நிமிஷத்துக்குள் வந்துவிடும். அந்த 2 எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறைந்தால் 'பிராட்பேண்ட்' என்று பெயர் சொல்லவே கூடாது என்று 2023 ஜனவரியில் மத்திய சர்க்காரே விதி செய்திருக்கிறது. நமக்குக் கிடைப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு.

இதிலும் ஒரு பேதத்தைக் கவனியுங்கள். வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் இணைப்பில், அளவு தீர்ந்த பிறகும் வேகத்தை 512க்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2016ல் டிராய் உத்தரவிட்டது. செல்போனை மட்டுமே நம்பி இருப்பவனுக்கு அந்தத் தயவு இல்லை. கம்பி யார் வீட்டில் இருக்கிறது, செல்போன் மட்டும் யார் வீட்டில் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

கம்பி வந்த வீட்டிலும் கதை முழுக்க இனிப்பல்ல. '50 எம்.பி.பி.எஸ். வரை' என்று நோட்டீசில் அச்சடிக்கிறார்கள். (டாக்டர் படிப்பென்று பயப்பட வேண்டாம், வேகத்தின் அளவு.) சூட்சுமம் அந்த 'வரை'யில் இருக்கிறது. "ஒரு மரக்கால் வரை நெல் கூலி" என்று பண்ணையார் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? கூலி அளக்கச் சின்ன மரக்கால், குத்தகை வாங்கப் பெரிய மரக்கால் என்று வைத்திருந்தவர்களை நம் பாட்டன்மார் களத்துமேட்டில் மடக்கிக் கேட்டார்கள். இங்கேயும் அதே மரக்கால்தான். ஒரு கம்பியில் வரும் வேகத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டு விற்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் திறந்தால், பஞ்சாயத்துக் குழாயில் கடைக்கோடி வீட்டுக்குச் சொட்டுகிற மாதிரிதான் சொட்டும். பணம் மட்டும் முழு மரக்கால்.

அந்தக் கம்பியாவது ஏன் நம் தெருவுக்கு வரவில்லை? சென்னை–திருச்சி நெடுஞ்சாலை கூட்டேரிப்பட்டு வழியாகத்தான் போகிறது. கடைவீதியில் கம்பத்துக்குக் கம்பம் தனியார் கம்பி தொங்குகிறது. கூலிக்காரர் தெருவுக்கு இழுக்கச் சொன்னால், "பத்து வீடு சேர்த்துக்கொண்டு வா, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டு" என்கிறார்கள். லாபம் நிற்கிற இடத்தில் கம்பியும் நின்றுவிடுகிறது. 'காலனி' என்ற சொல்லைச் சர்க்கார் ஏடுகளிலிருந்து எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். சொல் போனால் மட்டும் போதுமா, கம்பி வர வேண்டாமா?

பொதுப்பணத்தில் கம்பி போட்ட கதை இன்னும் விசித்திரமானது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் கண்ணாடி இழைக் கம்பி போட மத்திய சர்க்கார் ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். இரண்டே ஆண்டில் முடிப்போம் என்றார்கள். பின்னர் அதற்குப் 'பாரத் நெட்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகளுக்கான டெண்டரோ, விதிமுறைகள் போட்டியை முடக்குகின்றன என்ற புகாரின் பேரில் 2020 ஜூனில் நின்று, மறுபடி கோரப்பட்டது. இத்தனைக்கும் பிறகு வரும் கம்பி பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டியோடு நின்றால் நமக்கு என்ன லாபம்? பஞ்சாயத்து ஆபீசிலிருந்து நம் வாசற்படி வரையுள்ள அந்தக் கடைசித் தூரத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. அது கம்பெனிக்கும் உள்ளூர் ஏஜெண்டுக்கும் விட்ட மேய்ச்சல் நிலம்.

பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். இதைச் செய்திருக்க முடியாதா? முடியும். கையைக் கட்டிவிட்டு ஓடு என்றார்கள். ஜியோ 4ஜி சேவை தொடங்கியது 2016 செப்டம்பரில். பி.எஸ்.என்.எல்.லின் நாடளாவிய 4ஜி தொடங்கியது 2025 செப்டம்பரில். ஒன்பது ஆண்டு! இதற்கிடையே 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வு என்ற பெயரில், 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஏணி தூக்கி வந்த லைன்மேனை அனுப்பிவிட்டு, காண்டிராக்ட் கூலியை வைத்துப் பழுது பார்க்கிறார்கள். காண்டிராக்ட் முறை என்றால் என்னவென்று ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்.

கேரளத்தில் 2023 ஜூன் 5 அன்று 'கே–ஃபோன்' என்று மாநில சர்க்காரே கம்பி வலையைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டது, தொகுதிக்கு 100 குடும்பம் வீதம் 14,000 மட்டுமே. மெதுவாகத்தான் நகர்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழை வீட்டு வாசல் வரை கம்பி போடுவது சர்க்காரின் வேலை என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? நம் மாநிலத்தில் அந்த ஒப்புதலைத்தான் முதலில் வாங்க வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று, செல்போன் ஊமையாயிற்று. எந்த ஏரி உடைந்தது, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்க நாதியில்லை. ஜில்லா அளவில் செல்போன் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஈடு தர வேண்டும் என்று அதே ஆண்டு டிராய் விதி போட்டது. ஜில்லா முழுக்க நின்றால்தான் கணக்கு. ஒரு தெரு ஒரு வாரம் இருண்டு கிடந்தால் அது கணக்கில் வராது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மே 1 நமது நாள். அடுத்த கூட்டத்துக்குத் தோழர்கள் தீர்மானத்தை எழுதிக்கொண்டே போக வேண்டும்: பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டியிலிருந்து வீடுகளுக்குப் பொதுத்துறையே கம்பி இழுக்க வேண்டும், அளவு தீர்ந்தபின் கிடைக்கும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும், பழுது பார்க்க நிரந்தர ஆள் வேண்டும். 'கிராமம் முழுவதும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள், அது கடைவீதியோடு நின்றுவிடும். தெருவின் பெயரையும் வீடுகளின் எண்ணிக்கையையும் போட்டு, நிறைவேறிய தீர்மானத்தின் நகலைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.