எல்லையில் மறிக்கப்படும் கூடைகள்

விடுமுறை நாள் மாலையில் சோனாப்பூர் முகாம்களை ஒட்டிய கடைகளுக்குச் சென்றால், ஊர்ச் சந்தையைப் போலவே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவிந்திருக்கக் காணலாம். அவற்றை வாங்கும் நம் தொழிலாளர்களுள், விளைச்சல் கட்டுப்படியாகாமல் கடல் கடந்து வந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, உணவுப் பாதுகாப்புத் தரம் என்பது ஏற்றுமதியாளர்களின் தலைவலி என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மீறியதால், எகிப்து, ஓமான், ஜோர்டான், லெபனான், ஏமன் நாடுகளின் சில காய்கனிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2017 மே 15 முதல் தடை விதித்தது. அதைக் குறை கூறுவதற்கில்லை. இங்கு உண்பவர் நாமும் நம் குழந்தைகளும்தாமே! ஆனால் மறிக்கப்படும் சரக்கின் இழப்பு, இறுதியில் சிறு விவசாயியின் தலையில்தான் விடிகிறது. அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொன்னவர் யார்? பல ஊர்களில் மருந்துக் கடைக்காரர்தான் அவருக்கு வேளாண் அதிகாரி.

அரசு முனைந்தால் வழியுண்டு. 2003இல் நெதர்லாந்தில் மெத்தோமில் எச்சத்தால் இந்தியத் திராட்சை சிக்கலுக்குள்ளானது. அதன்பின் மைய அரசின் அபீடா ஆணையம், புனேயிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்துடன் இணைந்து எச்சக் கண்காணிப்பை ஏற்படுத்தியது. 2006இல் கிரேப்நெட் என்னும் இணைய அமைப்பு வந்தது. தோட்டப் பதிவு, ஆய்வக முடிவு, சான்றிதழ் யாவும் அதில் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஐரோப்பாவில் இறங்கும் பெட்டி எந்தத் தோட்டத்தினது என்று கண்டறிய முடிந்தது. கணினித் துறையைச் சார்ந்த எமக்கு இதில் சற்றுக் கூடுதல் பெருமையே. ஆயினும் 2010இல் குளோர்மெக்வாட் என்ற வேதிப்பொருளால் மீண்டும் அடி விழுந்தது. சோதனைப் பட்டியலிலேயே அது இடம்பெற்றிருக்கவில்லை! வாங்கும் நாட்டின் விதிகளை இடைவிடாது கவனித்துத் தோட்டம் வரை கொண்டு சேர்க்கும் ஆட்கள் இல்லையேல், மென்பொருள் மட்டும் என்ன செய்யும்?

வளரும் நாடுகளின் அரசுகளுக்கு இதில் வெளியுதவியும் கிட்டுகிறது. இலங்கையில், உலக வணிக அமைப்பு, உலக வங்கி முதலியவை இணைந்து உருவாக்கிய நிதியத்தின் துணையுடன், கொஸ்கொடையில் கறுவாப் பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது. பட்டை உரிப்பவருக்கே தூய்மை முறைகள் கற்பிக்கப்பட்டன. உதவி சென்று சேரவேண்டிய இடம் அதுதான்.

நம் கறிவேப்பிலையையும் ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தியதுண்டு. பயிரிடுவோர்க்குக் குறைந்த கட்டணத்தில் எச்சச் சோதனையும் களப்பயிற்சியும் வழங்குமாறு தமிழக அரசை நாம் வலியுறுத்த வேண்டும். பெற்றோரே, இளையோரே, அடுத்த விடுப்பில் ஊர் செல்கையில் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு ஒருமுறை செல்லுங்கள். விளைபொருள் மாதிரியை எங்கு அனுப்புவது, கட்டணம் எவ்வளவு, முடிவு வர எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். கிடைத்த விடையை எமக்கு எழுதி அனுப்புங்கள்.