வண்டி நின்ன பிறகுதான் பிரேக் ஆயில் கொதிக்கும்

டிராக் டே ரீல்ஸ் எல்லாத்துக்கும் முடிவு ஒண்ணுதான். கடைசி லேப் முடிஞ்சு வண்டி பிட்டுக்குள்ள வருது, சக்கரத்துல இருந்து புகை வருது, கேமரா கிட்டப் போய் டிஸ்கைக் காட்டுது, பின்னாடி ஒரு பிஜிஎம். கட். அதுக்கு அப்புறம் அந்த வண்டி எப்படி வீடு போய்ச் சேர்ந்துச்சுன்னு யாரும் போடறதில்லை. என்னைக் கேட்டா, பிரேக்கைப் பொறுத்தவரை ஆபத்தான நேரமே அந்த கட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்குது. இதைப் பத்தி நம்ம கிளப் மீட்டிங்ல பேச்சே வர்றதில்லை. ஆக்சசரீஸ் கடைக்காரங்களும் பேச மாட்டாங்க, ஏன்னா இதுல விக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

வடசென்னைக்கு ரேஸ் ஒண்ணும் புதுசு இல்லை. ரெட்ஹில்ஸ் தாண்டி இருக்கிற சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்துல, எங்க தாத்தா காலத்திலேயே ரேஸ் நடந்திருக்கு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகுதான் எல்லாம் அந்தப் பக்கம் போச்சு. அப்புறம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ரெண்டு நாளும் தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 நைட் ரேஸ் நடந்துச்சு. ராயபுரத்துல இருந்து பார்த்தா பக்கத்துத் தெரு மாதிரி. அதைப் பார்த்த ஜோர்ல அப்பாவோட ஸ்விஃப்டையும் அண்ணனோட போலோவையும் எடுத்துக்கிட்டு டிராக் டேக்குக் கிளம்பற பசங்களை எனக்கே தெரியும். போகட்டும், தப்பே இல்லை. ரோட்டுல சீன் போடறதுக்கு டிராக்ல ஓட்டறது ஆயிரம் மடங்கு மேல். வண்டியை மட்டும் பத்திரமா திருப்பிக் கொண்டுவரணும்.

ஒரு சின்ன கணக்குப் போடலாம், இன்ஜினியரிங் படிக்கிறோமே. ஆளோட சேர்த்து 1,000 கிலோ இருக்கிற கார். 140 கி.மீ. வேகத்துல நேர்ப்பாதை முடியுது, வளைவுக்கு 60-க்கு இறக்கணும். அரை எம் வி ஸ்கொயர். ரெண்டுக்கும் வித்தியாசம் சுமார் 617 கிலோஜூல். ரெண்டு லிட்டர் தண்ணியை ரூம் டெம்பரேச்சர்ல இருந்து கொதிக்க வைக்கிற சக்தி அது. அதை மூணு செகண்ட்ல நாலு சக்கரத்துக்குள்ள கொட்டறோம். இதுல 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகுதுன்னு வெச்சுக்கிட்டா, அஞ்சு கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் ஒண்ணு ஒரே ஒரு பிரேக்ல 90 டிகிரி ஏறும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கி.மீ., 12 வளைவு. ஒரு லேப்ல இந்த மாதிரி பிரேக் பல தடவை. நடுவுல காத்து கொஞ்சம் சூட்டை எடுக்கும், ஆனா முழுசா எடுக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். நாலஞ்சு லேப்ல டிஸ்க் 500 டிகிரியைத் தொடறதுல ஆச்சரியமே இல்லை. சாதாரண ரோட்டு பேடை ஒட்டவெச்சிருக்கிற பிசின் அதுக்கு ரொம்ப முன்னாடியே கருக ஆரம்பிச்சுடும். அந்த நாத்தம் வந்தாலே புரிஞ்சுக்கணும்.

இப்போ வண்டி பிட்டுக்கு வந்து நிக்குது. ஓடற வரைக்கும் காத்து டிஸ்கைக் குளிர வெச்சுக்கிட்டு இருந்துச்சு. நின்னதும் அந்தக் காத்து இல்லை. டிஸ்க்ல இருக்கிற சூடு எங்கே போகும்? பேடுக்கு, பேட்ல இருந்து காலிப்பர் பிஸ்டனுக்கு, பிஸ்டனுக்குப் பின்னாடி இருக்கிற பிரேக் ஆயிலுக்கு. ஓடும்போது தாக்குப் பிடிச்ச ஆயில் வண்டி நின்னு அஞ்சு பத்து நிமிஷத்துல கொதிக்கறது இதனாலதான். கொதிச்சா உள்ளே ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். டீ குடிச்சுட்டு வந்து வண்டியை எடுக்கிறவன் கால் வைக்கிறான், பெடல் தரையைத் தொடுது, வண்டி பாட்டுக்குப் போகுது. பிட்ல மெதுவா நகரும்போது இது நடந்தா பம்பரோட போகும். அவன் நேரா ஹைவேல ஏறினதுக்கு அப்புறம் நடந்தா?

செமஸ்டர் பேப்பர்ல ‘பிரேக் ஃபேட் என்றால் என்ன’ ரெண்டு மார்க். பேட் சூடேறிப் பிடிப்பு குறையறதுன்னு எழுதுவோம், மார்க்கும் விழும். ஆயில் கொதிக்கறது வேற விஷயம். பேட் ஃபேட்ல பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. ஆயில் கொதிச்சா பெடலே இருக்காது. முதல் வகையில ஏதோ சரியில்லைன்னு கொஞ்சம் கொஞ்சமா தெரியும். ரெண்டாவது வகையில முன்கூட்டியே ஒண்ணும் தெரியாது.

நம்ம ஏரியா பசங்களுக்கு இதுல கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடியை இறுக்கமா மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஈரம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும்ங்கிறது தர விதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு விதி கேக்கறது 155 டிகிரிதான். டாட் 3-ன்னா 205-ல இருந்து 140. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடுன்னு வருஷம் முழுக்கக் கடல்காத்துல நிக்கிற வண்டி நம்மளது. ராத்திரி நிறுத்தின வண்டியோட டிஸ்க் காலைல செம்மண் கலர்ல இருக்கும், முதல் பிரேக்ல கரகரன்னு சத்தம் வரும். பார்த்திருப்பீங்க. வெளியே இரும்பையே இந்தக் காத்து இப்படிப் பண்ணுது. மூணு வருஷமா மாத்தாத ஆயிலோட டிராக்குக்குப் போறவன் 155-க்குக் கீழேயே இறங்கின ஆயிலோடகூடப் போகலாம். பல கார் மேனுவல்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லுது. மேனுவலை யார் படிக்கிறா!

அரை லிட்டர் நல்ல பிரேக் ஆயில் சில நூறு ரூபாய். ஆனா நம்ம பசங்க கேக்கறதெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்க் எங்கே கிடைக்கும், சிவப்பு காலிப்பர் கவர் எவ்வளவு. காலிப்பர் மேல பிளாஸ்டிக் கவர் மாட்டறது வெயில்ல ஸ்வெட்டர் போடற மாதிரி. சூடு வெளியே போற வழியை நாமளே காசு கொடுத்து அடைக்கிறோம். பெரிய டிஸ்க் நல்லதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பழைய ஆயிலோட பெரிய டிஸ்க் போட்டா இன்னும் லேட்டா பிரேக் பிடிக்கிற தைரியம் வரும், கொதிக்கிற ஆயில் அதேதான். (வாங்கும்போது ஒண்ணு: டாட் 5.1 வேற, டாட் 5 வேற. டாட் 5 சிலிக்கான். உங்க வண்டில இருக்கிறதோட கலக்கவே கூடாது. நம்பர் பெருசா இருக்குன்னு எடுத்துடாதீங்க.)

சரி, பிரேக் சூடாயிடுச்சு, என்ன பண்றது? முக்கால்வாசி வேலை டிராக்குக்குள்ளேயே முடிஞ்சிருக்கணும். கடைசி லேப்பை முழுசா கூலிங்குக்கு விடணும். பெரிய கியர்ல, முடிஞ்சவரை பிரேக்கைத் தொடாம, காத்து வாங்கிக்கிட்டு வரணும். காசு கொடுத்து எடுத்த ஸ்லாட்ல ஒரு லேப் வீணாப் போகுதேன்னு தோணும். எனக்கு இதுல சமரசமே கிடையாது. கூல் டவுன் லேப் ஓட்டாதவனை அடுத்த தடவை கூட்டிட்டுப் போகக் கூடாது. பிட்டுக்கு வந்த பிறகும் உடனே நிறுத்தாம பேடக்குக்குள்ள மெதுவா ரெண்டு சுத்து உருட்டலாம். நிறுத்தும்போது பிரேக் பெடல்ல காலை வெச்சுக்கிட்டே உட்காரக் கூடாது. சூடான டிஸ்க் மேல பேட் ஒரே இடத்துல அழுந்தினா அங்கே பேட் துகள் ஒட்டிக்கும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங் ஆடும். பட்டறைக்காரர் ‘டிஸ்க் வளைஞ்சுடுச்சு தம்பி’ம்பார். பெரும்பாலும் வளைஞ்சிருக்காது, அச்சு விழுந்திருக்கும்.

ஹேண்ட் பிரேக்கும் போடாதீங்க. நம்ம ஊர் வண்டி நிறையத்துக்குப் பின்னாடி டிரம்தான். சூட்டுல விரிஞ்ச டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவை இறுக்கிப் பிடிச்சுக்கும், திரும்ப எடுக்கும்போது விடாது. கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. கட்டை இல்லையா, ரெண்டு கல். எண்ணூர் ஹைவேல வரிசையில நிக்கிற டிரெய்லர் டிரைவர்கள் எப்பவும் பண்றதுதான் இது. அவங்க வண்டில ஏர் பிரேக், நம்மளது ஆயில் பிரேக், மெக்கானிசம் வேற. ஆனா சூட்டை மதிக்கிற பழக்கம் அவங்ககிட்ட இருக்கு. கிளீனர் இறங்கினதும் டயரைத் தட்டுவார், டிரம் பக்கம் புறங்கையைக் கொண்டுபோவார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமா கொதிச்சா அங்கே பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்படியே விட்டா டயர் பத்திக்கும். நாம நாலு வருஷம் ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சுட்டு செல்ஃபி எடுக்கிறோம், அவர் புறங்கையை வெச்சே கண்டுபிடிச்சுடறார்.

தண்ணி ஊத்தறதைப் பத்தித் தனியா சொல்லணும். பாட்டிலோட ஓடி வர்ற நண்பன் ஒருத்தன் எல்லா குரூப்லயும் இருப்பான். நல்ல மனசு, கெட்ட ஐடியா. கொதிக்கிற வார்ப்பிரும்பு மேல தண்ணி பட்டா மேல்பகுதி மட்டும் சட்டுன்னு சுருங்கும், உள்ளே சூடு அப்படியே இருக்கும், விரிசல் விழும். கையை எடுத்து பாட்டிலை அவன் தலைல ஊத்திக்கச் சொல்லுங்க.

முழுசா ஆறின பிறகுதான் நிஜமான வேலை. வெயில் நாள்ல ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பெடலை மிதிச்சுப் பாருங்க. பஞ்சு மாதிரி இருந்தாலோ, முன்னைவிட ஆழமாப் போனாலோ, ஆயில் கொதிச்சிருக்குன்னு எடுத்துக்கணும். ‘இப்போ ஆறிடுச்சு, பெடல் திரும்ப வந்துடுச்சு மச்சி’ன்னு ஒருத்தன் சொல்லுவான். வந்திருக்கும். ஆவி குளிர்ந்து திரவமாகிடும், ஆனா அதே ஈர ஆயில்தானே உள்ளே இருக்கு? அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே கொதிக்கும். ஏர் எடுத்து, அழுக்கு ஆயில் போய் புது ஆயில் வர்ற வரைக்கும் நாலு சக்கரத்துலயும் தள்ளணும். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கு, டிஸ்க்ல விரிசல் இருக்கா, காலிப்பர்ல ரப்பர் பூட் கருகியிருக்கா, டயர் பக்கம் எங்கேயாவது கசியுதான்னு பார்க்கணும். ஜாக்கி, ஸ்பேனர், ஒரு டியூப், ஒரு காலி பாட்டில், பெடல் மிதிக்க ஒரு ஆள். ஹெல்மெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டற நேரத்துல செய்யற வேலை இல்லைதான், ஆனா பெரிய வித்தையும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, திரும்பி வர்ற ரோடு. இருங்காட்டுக்கோட்டைல இருந்து திருவொற்றியூருக்கு ஏறக்குறைய 50 கி.மீ. பெங்களூர் ஹைவே, மதுரவாயல், பைபாஸ், மாதவரம், மணலி. மாதவரம் வரைக்கும் பிரேக்குக்குப் பெரிசா வேலை இல்லை, வண்டி நல்லாத்தான் இருக்குன்னு நம்பிக்கை வந்துடும். மணலி ரோட்டுல ஏறினதும் முன்னாடி கண்டெய்னர், பின்னாடி டேங்கர், நடுவுல ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல போறவர், ஸ்கூட்டர்ல ரெண்டு பிள்ளைங்களோட ஒரு அக்கா. டிராக்ல பிரேக் போனா ரன் ஆஃப் இருக்கு, டயர் சுவர் இருக்கு, மார்ஷல் இருக்காங்க, ஆம்புலன்ஸ் இருக்கு. உன் ரிஸ்க், நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மணலில அந்த அக்கா எதுலயும் கையெழுத்துப் போடலை.

‘ஓவரா பயமுறுத்தற’ன்னு கிளப்ல ஒருத்தன் சொன்னான். எத்தனை பேர் டிராக் டே போயிட்டு ஒண்ணும் ஆகாம வர்றாங்கன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். முக்கால்வாசிப் பேர் பத்திரமாத்தான் வர்றாங்க. புது ஆயில் போட்டவன், நிதானமா ஓட்டினவன், அதிர்ஷ்டக்காரன் மூணு பேரும் அதுல ஒண்ணாவே தெரிவாங்க. வெளியே இருந்து பார்த்தா எவன் எந்த வகைன்னு பிரிக்க முடியாது, அவனுக்கே தெரியாது. பெடலை மிதிச்சுப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகும்.

ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகள்ல நாலு சக்கரமும் லாக் ஆகறதைக் காட்டினாதான் டிராக்ல இறங்க விடுவாங்க. நம்ம டீம் பசங்களுக்கு அந்த பிரேக் டெஸ்ட் பயம் நல்லாத் தெரியும். உள்ளே போறதுக்கு ஒரு டெஸ்ட் வெச்சிருக்கிற மாதிரி, வெளியே போறதுக்கும் ஒண்ணு வைக்கலாமே? டிராக் டே நடத்தறவங்க கேட்ல ஒரு ஆளை நிறுத்தி, ‘பெடல் பார்த்தாச்சா, பேட் பார்த்தாச்சா’ன்னு கேட்டு டோக்கன் வாங்கிட்டு அனுப்பலாம். அவங்க செய்யற வரைக்கும் நம்ம கிளப்பாவது ஆரம்பிக்கலாம்.

அடுத்த டிரிப்புக்கு நான் கேக்கப்போறது இதுதான்: காலேஜ்ல இருந்து கிளம்பற ஒவ்வொரு வண்டிலயும் சீல் உடைக்காத ஒரு ஆயில் பாட்டில், ஒரு ஜோடிக் கட்டை, ஒரு ஸ்பேனர். கடைசி ஸ்லாட் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு யார் சாவியும் யார் கைலயும் இருக்கக் கூடாது, எல்லாம் கோ-ஆர்டினேட்டர் பைக்குள்ள. பெடல் சரியில்லைன்னா வண்டி டோ டிரக்குல வரும், செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கலாம். வர்ற மீட்டிங்ல இதை ஓட்டுக்கு விடறேன். எதிர்த்துப் பேசறவங்க அவங்க வண்டில கடைசியா பிரேக் ஆயில் மாத்தின பில்லோட வாங்க.