பின்பருவக் காய்கறி

மாரி ஈரத்தில் விளைந்த காய்கறி தை, மாசியில் மருதனார்மடச் சந்தையை நிறைக்கும். அப்பொழுது நல்ல காய் வாங்குதல் எவர்க்கும் எளிது. பங்குனி வெயில் ஏறிய பின்னரே வாங்குவோரின் அறிவுக்குச் சோதனை.

அவ்வேளையில் உள்ளூர்க் கத்தரி சிறுத்திருக்கும்; தோலில் வடுவும் இருக்கும். அருகே, தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்த காய் பருத்துப் பளபளக்கும். நம்மவர் கண் அதனையே நாடுகிறது. பருமனோ சுவைக்குச் சான்று? காம்பை நோக்குக. அது பசுமை மாறாதிருப்பின் காய் அண்மையில் ஆய்ந்தது. பயற்றங்காய் ஒடித்தால் முறிய வேண்டும், துவண்டால் வாடியது. முருங்கைக்கோ இதுவே நற்காலம்.

சிறுத்த காய்க்குப் பின்னே பெரிய உழைப்பு உண்டு. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கற்படையில் தங்கிய மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். கோடையில் அது தாழ, இறைக்குஞ் செலவு ஏறுகிறது. அச்செலவு மீளாவிடின் மறு ஆண்டு கமக்காரர் பின்பருவப் பயிரைக் கைவிடுவர்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு நம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரணாயிருந்தது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அவ்வரணைத் தளர்த்திற்று. அரசு தரும் அரண் வரும், போகும். வாங்குவோர் தரும் ஆதரவோ நம் கையிலேயே உள்ளது.

வெளியூர்க் காயை வெறுக்க வேண்டுமென்பதன்று நம் கருத்து. வியாபாரிகள் ஒவ்வொரு குவியலுக்கும் விளைந்த ஊரைச் சொல்லி விற்கட்டும். வாங்குவோரும் கேட்டறிந்து வாங்கட்டும். ‘இது எவ்விடத்துக் காய்?’ என்று கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை.