பெங்களூருக்கு ஒரு மணி நேர ஃப்ளைட்... சோழவரத்தில் இருந்து கிளம்பினால் உண்மையில் எவ்வளவு நேரம்?

திங்கட்கிழமை காலை பெங்களூரில் மீட்டிங். டிக்கெட் ஆப்பில் சென்னை – பெங்களூர் விமானம் 1 மணி 5 நிமிடம் என்று காட்டுகிறது. வந்தே பாரத் ரயிலோ சுமார் 4 மணி 20 நிமிடம். கை தானாக விமானத்துக்குத்தான் போகும். ஆனால் சோழவரம், கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தூரம் எவ்வளவு?

சென்னை, பெங்களூர் விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் 270 கி.மீ. அளவுதான். ரயில் பாதையில் சுமார் 360 கி.மீ.

ஆப் காட்டும் நேரம் எதைக் குறிக்கிறது?

அது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கிய ஊரில் போய் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். உங்கள் வீட்டு வாசலில் இருந்து ஆகும் நேரம்தான் சேராது.

விமானக் கணக்கு (தோராயமாக)

* சோழவரம் – மீனம்பாக்கம், சுமார் 40 கி.மீ.: 1 மணி 15 நிமிடம்
* முன்கூட்டியே போய்ச் சேர: 2 மணி
* விமானம்: 1 மணி 5 நிமிடம்
* பெட்டி எடுத்து வெளியே வர: 30 நிமிடம்
* தேவனஹள்ளி – மெஜஸ்டிக், சுமார் 35 கி.மீ.: 1 மணி 15 நிமிடம்

மொத்தம் 6 மணி 5 நிமிடம்.

ரயில் கணக்கு

* சோழவரம் – சென்ட்ரல், சுமார் 25 கி.மீ.: 1 மணி
* காத்திருப்பு: 20 நிமிடம்
* வந்தே பாரத்: 4 மணி 20 நிமிடம்

மொத்தம் 5 மணி 40 நிமிடம். இறங்குவதும் மெஜஸ்டிக் பக்கத்திலேயே. 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்தாக சென்னை – மைசூர் ரயில் ஓடத் தொடங்கியதில் இருந்து இந்தக் கணக்கு இப்படி மாறியிருக்கிறது.

அப்போ ஃப்ளைட்டே வேண்டாமா?

அப்படி இல்லை. வெப் செக்-இன் முடித்து, கைப்பையோடு மட்டும் போனால் ஒரு மணி நேரம் வரை மிச்சம் பிடிக்கலாம். வேலை தேவனஹள்ளி, எலஹங்கா பக்கம் என்றாலும் விமானம்தான் வசதி. டெல்லி என்றால் பேச்சே இல்லை: வான்வழியில் சுமார் 1,760 கி.மீ., மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போய்விடும். தூரம் கூடக் கூட, தரையில் வீணாகும் நேரம் பெரிதாகத் தெரியாது.

பரந்தூர் வந்தால் மாறுமா?

வடசென்னைப் புறநகருக்குப் பலன் குறைவு. சோழவரத்தில் இருந்து நேர்கோட்டில் மீனம்பாக்கம் 30 கி.மீ.க்குள் இருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோழவரத்துக்கே ஒரு ஓடுதளம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட அதில் பிறகு கார், பைக் பந்தயங்கள்தான் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் அந்தப் பந்தயங்களும் அங்கே போய்விட்டன.

அடுத்த முறை டிக்கெட் போடும் முன் ஆப் காட்டும் நேரத்தைப் பார்க்காதீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டுவதில் இருந்து மீட்டிங் அறைக்குள் நுழைவது வரை எண்ணிப் பாருங்கள்.