கோணல் பரங்கிக்கும் கொடியில் இடமுண்டு



வீட்டுத் தோட்டத்தில் பரங்கிக் கொடியைப் படரவிடுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அக்கொடியில் வழவழப்பாய், உருண்டையாய் ஒரு காய் திரண்டுவிட்டால் மகிழ்கிறோம். படம்பிடித்துப் புலனத்தில் பகிர்கிறோம். ஆனால், ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பியோ, மேனியெல்லாம் மருக்களோடோ ஒரு காய் வந்துவிட்டால் முகம் சுளிக்கிறோம், கிள்ளி எறிந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதோடு நில்லாமல், விந்தை உருவம் கொண்ட பரங்கிகளை வேண்டுமென்றே வீட்டிலும் தமிழ்ப்பள்ளித் தோட்டங்களிலும் பயிரிட வேண்டும் என்றும் சொல்வேன்.

பரங்கி எனும் பெயரையே எண்ணிப் பாருங்கள். ஐரோப்பியரைப் 'பரங்கியர்' என்றனர் நம் முன்னோர். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல்வழி வந்த ஐரோப்பியரால் ஆசியாவிற்கு வந்துசேர்ந்த காய் என்பதால் அது பரங்கிக்காய் ஆயிற்று. வேற்று நிலத்துக் காயென்று அதை ஒதுக்காமல் பொரியலும் கூட்டும் புளிக்குழம்பும் ஆக்கி நமதாக்கிக் கொண்டோம். மலாய்க்காரர்களோ அதைத் தேங்காய்ப் பாலில் இட்டுச் சமைக்கின்றனர். அயல்நாட்டுக் காய்க்கே அடுப்படியில் இடம் கொடுத்த நாம், கோணலாய்க் காய்த்த ஒரே குற்றத்திற்காக அதன் உடன்பிறப்பைக் குப்பையில் எறிவது முறையா?

உருவத்தின்மேல் இத்தனை பிடிவாதம் ஏன்?

இந்தப் பிடிவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் 1988-ஆம் ஆண்டில் வெள்ளரிக்காய்க்கு ஒரு விதி வகுத்தார்கள். உயர்தர வெள்ளரி என்றால், 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் அது வளைந்திருக்கக் கூடாதாம்! 2009 ஜூலையில்தான் வெள்ளரி உட்பட 26 வகைக் காய்கனிகளுக்கு இருந்த இத்தகைய சந்தை விதிகளை நீக்கினார்கள். ஜப்பானின் செந்த்சுஜி நகரிலோ தர்ப்பூசணியைப் பெட்டிக்குள் அடைத்துச் சதுரமாக வளர்க்கிறார்கள். முற்றும் முன்னரே பறிக்கப்படுவதால் அது உண்ணுவதற்கு ஆகாது. ஆயினும், அழகுப் பொருளாக அதிக விலைக்கு விற்கிறது. உண்ண முடியாத சதுரத்திற்கு மதிப்பு, உண்ணத்தக்க கோணலுக்கு இகழ்ச்சி!

நம்மவர் செய்தி இன்னும் வேடிக்கை. கண்ணேறு கழிக்கப் பூசணிக்காயில் கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக ஓர் அரக்க முகத்தை நாமே வரைந்து வாசலில் தொங்கவிடுகிறோம். இயற்கை தானாகவே அப்படியொரு முகத்தை வரைந்து அனுப்பினால் மட்டும் நமக்குப் பிடிப்பதில்லை.

கோணலுக்குக் காரணங்கள் உண்டு

விந்தைப் பரங்கியின் உருவத்திற்கு முதன்மையாக மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, மரபு. சில வகைகள் பிறவியிலேயே அப்படித்தான் காய்க்கும். பிரான்சு நாட்டின் எய்சீன் ஊர்ப் பரங்கிக்குத் தோலெங்கும் கடலைக்கொட்டை ஒட்டியது போன்ற மருக்கள் இருக்கும். 'எய்சீன் ஊரின் சிரங்குக்காரன்' என்பதே அதன் பெயருக்குப் பொருள். ஜப்பானின் கியோத்தோ நகரில் சிசிகத்தானி எனும் வகை உண்டு. இடை சிறுத்துச் சுரைக்குடுக்கை போல் காய்க்கும் அதனை, அந்நகரின் பாரம்பரியக் காய்கறிகளுள் ஒன்றாகப் போற்றுகின்றனர்.

இரண்டாவது, குறைபட்ட மகரந்தச் சேர்க்கை. பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். விடியலில் மலரும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீக்கள் போதிய மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சில விதைகளே உருவாகும். வளரும் விதைகள்தாம் சதையைப் பெருக்கும் வளரூக்கிகளைத் தருகின்றன. ஆகவே, விதை பிடித்த பக்கம் பருக்கும். பிடிக்காத பக்கம் சூம்பும். ஒருபக்கம் சூம்பிய காய், 'உங்கள் தோட்டத்திற்குத் தேனீக்கள் வரவில்லை' என்று நமக்குச் சொல்லும் செய்தியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, நோயும் பூச்சியும். பழ ஈ பிஞ்சைத் துளைத்து முட்டையிட்டால் காய் அழுகும். தப்பினாலும் அவ்விடம் வளைந்து சுருங்கும். அசுவினிப் பூச்சிகள் பரப்பும் தேமல் நோய் கண்டால், இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தோன்றும். காயில் மேடு பள்ளங்கள் எழும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைந்துவிட வேண்டும். "பக்கத்தில் வேறு வகை நட்டிருந்தேன், அதனால்தான் காய் இப்படி ஆயிற்று" என்று பலர் கூறக் கேட்கலாம். அது சரியன்று. காயின் தோலும் சதையும் தாய்க்கொடிக்கு உரியவை. அயல் மகரந்தத்தின் மரபு உள்ளிருக்கும் விதையில்தான் சேரும். அவ்விதையை அடுத்த பருவத்தில் நட்டால்தான் கலப்பின் உருவம் வெளிப்படும்.

அஞ்ச வேண்டியது எதற்கு?

கோணலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கசப்புக்குத்தான் அஞ்ச வேண்டும். பூசணிக் குடும்பச் செடிகளில் குக்குர்பிட்டாசின் எனும் கசப்பு நச்சு உண்டு. உணவு வகைகளில் அது மிகக் குறைவு. அழகுக்காக வளர்க்கும் சிறு பூசணி வகைகளில் மிகுதி. உணவு வகையோடு அழகு வகை கலந்து பிறந்த விதையை நட்டால், கசக்கும் காய் காய்க்கக்கூடும். சமைத்தாலும் அந்நச்சு அழியாது. 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினிக் காயைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்து போனார். ஆகவே, சேமித்த விதையில் விளைந்த காயாயின், சமைக்கும் முன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள்.

எண்ணிப் பாருங்கள்! அந்தக் கசப்பு அழகிய உருண்டைக் காயிலும் இருக்கலாம். மருக்கள் நிறைந்த காயோ தேனாய் இனிக்கலாம். கண் ஒன்றை மட்டும் நம்பினால், நல்லதை எறிந்துவிட்டுத் தீயதை உண்ண நேரிடும்.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டுச் சமவெளியின் வெப்பத்திற்கு மோஸ்சாட்டா இனப் பரங்கியே ஏற்றது. மேற்சொன்ன சிசிகத்தானியும், கரிய தோலில் மருக்களோடு காய்க்கும் ஃபுத்சு எனும் ஜப்பானிய வகையும், பாம்பு போல் வளைந்து நீளும் இத்தாலியின் துரோம்பொன்சீனோவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தாமான் வீட்டு வேலியோரம் ஒரு குழி மண்ணும் மக்கிய எருவும் நல்ல வெயிலும் போதும். தேனீ வரவு குறைவென்றால், காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிடலாம். தூய விதை வேண்டுவோர், மலர இருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முதல்நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, மறுநாள் காலை சேர்க்கை செய்தபின் பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும்.

பள்ளித் தோட்டத்தில் இதைச் செய்வதால் விளையும் பயன் பெரிது. விருந்தினர் வருமுன் கோணல் காய்களைப் பறித்து மறைப்பதை விட, அக்காயை வகுப்பறை மேசைமேல் வைத்து, "இது ஏன் இப்படி ஆனது?" என்று கேட்பதே மேல். மரபா? மகரந்தக் குறையா? பூச்சியா? மாணவர்கள் அதனை இரண்டாக அறுத்து விதைகளை எண்ணட்டும். பருத்த பக்கத்தையும் சூம்பிய பக்கத்தையும் ஒப்பிடட்டும். பாடநூலின் ஒரு பக்கத்தில் படமாக மட்டும் கிடக்கும் மகரந்தச் சேர்க்கை, அன்று அவர்கள் கையில் கனக்கும்.

காரணம் கேட்கும் இப்பழக்கம் காயோடு நின்றுவிடாது என்பது என் நம்பிக்கை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். அவனைக் கண்டதும் 'மந்தம்' என்று முத்திரை குத்துவது எளிது. பார்வைக் குறையா, காலைப் பசியா, வீட்டில் தமிழ் பேச ஆளில்லையா என்று தேடுவதுதான் ஆசிரியப் பணி. அவனோடு பயிலும் பிள்ளைகளும் அவனை அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா? அதற்கு அறிவுரையை விட ஒரு பரங்கிக் கொடி கூடுதலாக உதவும்.

எனவே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளையின் கையில் நான்கு பரங்கி விதைகளைக் கொடுங்கள். மூன்று, நான்கு மாதங்களில் காய் முற்றும். அது கோணிக்கொண்டு வந்தால் கிள்ளாதீர்கள். காரணத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு சுவைத்துப் பார்த்துக் குழம்பு வையுங்கள்!