சாகாத நாயகி

ஒரு படத்தைத் தூற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களோடு சண்டை போடலாம். சண்டையின் முடிவில் இருவரில் ஒருவருக்காவது புத்தி வரும். தட்டிக்கொடுத்துவிட்டு நகர்கிறவர்களைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. "நல்ல முயற்சி, அந்தக் காலத்துக்குத் துணிச்சல்தான், ஆனாலும் சாதாரணக் கதை" என்று ஒரு படைப்புக்கு மாலை போட்டு, அந்த மாலையாலேயே அதன் கழுத்தையும் இறுக்கிவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இப்படி மாலை போடப்பட்ட படங்களில் ஒன்று 'டெஸர்ட் ஹார்ட்ஸ்'. அமெரிக்கப் பெண் டைரக்டர் டோனா டைட்ச் எடுத்து 1985-ல் வெளிவந்தது. இரண்டு பெண்களின் காதல் கதை. நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஆண்டில் ஆரவாரமாக வந்த எத்தனையோ படங்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. இதையோ தேடிப் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள். 2017-ல் புதுப்பித்த பிரதி வந்தபோது, படம் முதலில் வெளியான சமயத்தில் பிறந்திராதவர்களும் அதைத் தம்முடைய படமாக ஏற்றுக்கொண்டார்கள். "சாதாரணக் கதை"க்கு எங்கிருந்து வந்தது இந்த ஆயுள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விமர்சகர்கள் நகர்ந்துவிடக் கூடாது.

கதை இதுதான். 1959-ஆம் ஆண்டு. விவியன் பெல் என்னும் இலக்கியப் பேராசிரியை நியூயார்க்கிலிருந்து ரயிலேறி நெவாடா மாநிலத்து ரீனோ நகரத்துக்கு வருகிறாள். அவள் வருவது விவாகரத்துக்காக. அன்றைய நியூயார்க் சட்டப்படி, கணவனோ மனைவியோ சோரம் போனதாக நிரூபித்தால் ஒழிய மணவிலக்குக் கிடைக்காது. அந்தச் சட்டம் தளர்ந்ததே 1966-ல்தான். நெவாடாவிலோ ஆறு வாரம் தங்கினால் போதும். 1931-லிருந்தே அங்கே அப்படி. ஆகவே ரீனோவைச் சுற்றி, இந்த ஆறு வாரத்தைக் கழிக்க வருகிறவர்களுக்கென்றே பண்ணை விடுதிகள் முளைத்திருந்தன. அப்படி ஒரு விடுதியின் சொந்தக்காரி பிரான்சிஸ். அவள் தன் மகளைப்போல் வளர்த்த பெண் கேய் ரிவர்ஸ். சூதாட்ட விடுதியில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் வேலை, ஓய்வு நேரத்தில் களிமண் சிற்பம். தான் காதலிப்பது பெண்களையே என்பதை மறைக்காதவள். கேய்க்கும் விவியனுக்கும் இடையே காதல் பிறக்கிறது. விவியன் பயப்படுகிறாள், மறுக்கிறாள், பிறகு ஏற்கிறாள். படம் முடிகிறது.

இனி விமர்சகர்களின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "கதையில் மோதலே இல்லை, வில்லன் எங்கே?" என்பது.

வில்லனுக்குக் கொம்பும் மீசையும் வேண்டுமென்று எதிர்பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. விவியன் ரயிலை விட்டு இறங்கும்போது எப்படி இருக்கிறாள் என்று கவனியுங்கள். இறுக்கிக் கட்டிய கொண்டை, கஞ்சி போட்டது போன்ற உடை, எண்ணி எண்ணிப் பேசும் வார்த்தைகள். பிறர் எழுதிய கதைகளில் வரும் காதலையெல்லாம் வகுப்பறையில் அலசி விளக்கத் தெரிந்தவள். தன் நெஞ்சில் அதே காதல் வந்து கதவைத் தட்டும்போது யாரோ அந்நியன் என்று தாழ்ப்பாள் போடுகிறாள். ஊர் எதிர்த்தால் ஊரோடு சண்டை போடலாம். வேறு ஊருக்குப் போய்விடலாம். தன்னையே காவல்காரியாக வைத்துத் தன்னைச் சிறைப்படுத்திக்கொண்டவள் எங்கே ஓடுவாள்? இந்தச் சிறையின் கதவு திறப்பதுதான் படத்தின் மோதல். அது சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாளாவது தம் மனத்தோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள்.

பிரான்சிஸையும் பாருங்கள். கேயின் காலஞ்சென்ற தந்தையை உயிருக்குயிராய்க் காதலித்தவள் அவள். அந்தக் காதலின் மிச்சமாக அவளிடம் இருப்பது கேய் மட்டுமே. விவியனை விடுதியை விட்டு அவள் வெளியேற்றும்போது ஒழுக்கத்தின் பேரில்தான் செய்கிறாள். ஆனால் ஒழுக்கத்துக்குப் பின்னால் நிற்பது தனிமையைப் பற்றிய பயம். பெற்றவளும் வளர்த்தவளும் உலகெங்கும் இந்தப் பயத்தைத்தானே தர்மம் என்ற பெயரில் பேசுகிறார்கள்! வில்லியாக்கிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். டைரக்டர் அப்படிச் செய்யவில்லை. கோபத்தோடு நாம் அவளுக்காக இரக்கமும் கொள்கிறோம்.

இன்னொரு வேடிக்கை உண்டு. நெவாடாவில் விவாகரத்துக் கேட்கிறவர்கள், "இந்த மாநிலத்திலேயே நிலையாகக் குடியிருக்கப் போகிறேன்" என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டும். ஆறு வாரம் தங்கியதற்கு உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சி பெரும்பாலும் விடுதிக்காரராகவே இருப்பார். சத்தியம் செய்தவர் அன்றே அல்லது மறுநாள் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போய்விடுவார். நீதிபதிக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், ரயில்வே போர்ட்டருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து காப்பாற்றிய இந்தப் பொய்க்கு மரியாதைக்குரிய சட்டம் என்று பெயர். அதே ஊரில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் "உன்னை விரும்புகிறேன்" என்று சொன்னால், அந்த உண்மைக்குத்தான் பெட்டி படுக்கையோடு வெளியேறும் தண்டனை. இதைப் படம் எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ரீனோவைக் கதைக்களமாக வைத்ததிலேயே சொல்லியாயிற்று. மோதல் இல்லை என்கிறவர்கள் இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, "சுபமான முடிவு, ஆகவே மலிவு" என்பது.

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 முதல் கண்டிப்பாக அமலில் இருந்தன. அவற்றின்படி இத்தகைய காதலைத் திரையில் காட்டவே கூடாது. லில்லியன் ஹெல்மன் 1934-ல் எழுதிய 'தி சில்ட்ரன்ஸ் அவர்' நாடகத்தில் இரண்டு ஆசிரியைகள்மீது இந்தப் பழி சுமத்தப்படும். அதை 1936-ல் வில்லியம் வைலர் படமாக்கியபோது அந்தப் பழியையே எடுத்துவிட்டு, ஆண் ஒருவனைச் சுற்றிய முக்கோணக் காதலாக மாற்றினார்கள். 1961-ல் அதே வைலர் மூலக் கதையோடு மறுபடியும் எடுத்தார். கதவு கொஞ்சம் திறந்தது. திறந்த கதவின் பின்னால் என்ன இருந்தது? தன் தோழியைக் காதலிப்பதாக ஒப்புக்கொண்ட ஆசிரியை தூக்கில் தொங்கினாள். 1967-ல் 'தி ஃபாக்ஸ்' வந்தது. அதில் இரண்டு பெண்களில் ஒருத்தியின் மேல் மரம் விழுந்து அவள் செத்தாள். காட்டிலே அத்தனை இடம் இருக்க, மரத்துக்கு விழ வேறு இடம் கிடைக்கவில்லை!

இவற்றையெல்லாம் 'யதார்த்தம்' என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: சமூகத்துக்கு ஒவ்வாத பெண்ணைக் கதையில் கொல்வதைப்போல் எழுத்தாளனுக்குச் சௌகரியமான காரியம் வேறில்லை. அவள் காதலித்ததால் முற்போக்காளர் திருப்தி அடைவர். அவள் செத்ததால் பழமைவாதியும் திருப்தி அடைவார். வாசகர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, தம் வீட்டு ஒழுங்கு குலையாமல் சாப்பிடப் போகலாம். ஒரு பிணத்தால் இத்தனை பேருக்கு நிம்மதி. அவளை உயிரோடு விட்டால்தான் சங்கடம். மறுநாள் அவள் எங்கே குடியிருப்பாள், யார் அவளோடு பேசுவார்கள், நாம் பேசுவோமா என்ற கேள்விகளெல்லாம் எழும். அந்தச் சங்கடத்தைத் தாங்கும் திராணி எழுத்தாளனுக்கும் வேண்டும், வாசகருக்கும் வேண்டும்.

'டெஸர்ட் ஹார்ட்ஸ்' படத்தின் முடிவுதான் என்ன? விவாகரத்துக் கிடைத்துவிட்டது. விவியன் நியூயார்க் ரயிலில் ஏறுகிறாள். கேய் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். கூடவே வந்துவிடு என்ற அழைப்புக்கு அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. ரயில் நகரத் தொடங்குகிறது. அடுத்த ஸ்டேஷன் வரையாவது வா என்கிறாள் விவியன். கேய் ஏறிக்கொள்கிறாள். அவ்வளவுதான்! மாலையில்லை, மேளமில்லை, 'என்றென்றும்' என்ற சத்தியமில்லை. ஒரு ஸ்டேஷன் தூரம் மட்டுமே உறுதி. அதற்கப்பால் அந்த இருவருக்கும் எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதையா மலிவான சுபம் என்கிறீர்கள்? காதலிக்கிற எந்த இரண்டு பேருக்குத்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு அப்பால் டிக்கெட் இருக்கிறது?

இந்த முடிவின் நேர்மை மூலநூலிலிருந்து வந்தது. ஜேன் ரூல் 1964-ல் வெளியிட்ட 'டெஸர்ட் ஆஃப் த ஹார்ட்' என்ற நாவல்தான் படத்துக்கு ஆதாரம். ரூல் அமெரிக்காவில் பிறந்து கனடாவில் குடியேறியவர். வான்கூவர் சர்வகலாசாலையில் பாடம் சொன்னவர். நூல் வெளிவந்ததும் அவர் வேலைக்கு ஆபத்து வந்தது. அவருக்காகப் பரிந்த சகாக்கள் ஒரு வாதம் சொன்னார்களாம்: கொலைக்கதை எழுதுகிறவர் கொலைகாரர் அல்லவே, அதுபோலத்தான் இதுவும் என்று! நல்லெண்ணத்தோடு சொன்ன வாதம்தான். ஆனால் அந்த நல்லெண்ணத்துக்குள் எத்தனை அவமதிப்பு! காதலைப் பாதுகாக்க வந்தவர்களுக்கு ஒப்பிடக் கிடைத்தது கொலைதான். ரூல் தம் வாழ்க்கைத் துணைவியோடு பல்லாண்டு வாழ்ந்தவர் என்பதைச் சொன்னால் இந்த வாதத்தின் பரிதாபம் இன்னும் விளங்கும். அப்படிப்பட்ட காலத்தில் தம் நாயகியரைக் கொல்லாமல் விட்டாரே, அதற்குப் பெயர் மலிவு அல்ல.

மூன்றாவது குற்றச்சாட்டு நயமானது. அதனாலேயே அதிக விஷமுள்ளது. "பட்டினி கிடந்தவர்களுக்குப் பழஞ்சோறும் அமிர்தம். தம் கதையைத் திரையில் காணாதவர்கள் கிடைத்ததைக் கொண்டாடினார்கள். அது ரசனையல்ல, பசி" என்கிறார்கள்.

பசி இருந்தது உண்மை. யார் போட்ட பட்டினி அது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இவர்களை மெச்சியிருப்பேன். போகட்டும். பசிதான் காரணமென்றால், இலை நிறையப் பரிமாறிய பிறகு பழஞ்சோற்றை யாரும் தேடக் கூடாதே? 2015-ல் 'கேரல்' வந்தது. பெயர்பெற்ற நடிகையர், தேர்ந்த டைரக்டர், பெரிய விருந்து. வேறு பல மொழிகளிலும் பல படங்கள் வந்துவிட்டன. அதற்குப் பிறகும் இந்தப் பழைய படத்துக்குத் திரும்பி வருகிறார்களே, எதற்கு?

நான் சொல்கிறேன். இந்தப் படத்தில் ஆசையை வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஹோட்டல் அறையில் இருவரும் கூடும் காட்சியில் பின்னணி இசை கிடையாது. மற்ற இடங்களில் பேட்ஸி கிளைன் போன்றோரின் பாட்டுகள் தாராளமாக ஒலிக்கும் படம் இது. அந்த அறைக்குள் மட்டும் மூச்சும் தயக்கமும்தான் கேட்கின்றன. வேறொருவர் கிளர்ச்சியடைய எடுத்த காட்சி அல்ல என்பது அந்த மௌனத்திலேயே தெரிகிறது. பிற்பாடு ஆஸ்கார் பரிசு பெற்ற ராபர்ட் எல்ஸ்விட்தான் ஒளிப்பதிவாளர். பாலைவனத்தின் வெளிச்சத்தை வெறும் அழகுக்காக அவர் காட்டவில்லை. ஒளிந்துகொள்ள மரமில்லாத நிலம் அது. அங்கே நிற்கிறவள் தான் யார் என்பதைத் தனக்காவது சொல்லியாக வேண்டும்.

"துணிச்சல்தான்" என்று ஆறுதல் பரிசு கொடுக்கிறவர்களுக்கு அந்தத் துணிச்சலின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெரிய ஸ்டூடியோவும் இந்தப் படத்துக்கு முதல் போடவில்லை. டோனா டைட்ச் சொந்தமாகப் பங்குகள் விற்று, ஆண்டுக்கணக்கில் அலைந்து, ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் சேர்த்தார். படத்தை முடிக்கும் தறுவாயில் தம் வீட்டையே விற்றார். வீட்டை விற்று எடுத்த படத்தில் குறையே இல்லையா? உண்டு. துணைப்பாத்திரங்கள் சில அளவுக்கு மிஞ்சிய நல்லவர்களாக இருக்கிறார்கள். சில வசனங்கள் எழுதிவைத்துப் பேசியவைபோல் ஒலிக்கின்றன. அதைச் சொல்ல விமர்சகர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் குறை சொல்வது வேறு, இரக்கப்பட்டுப் பாஸ் மார்க் போடுவது வேறு. முன்னதில் மரியாதை இருக்கிறது.

கடைசியாக, விமர்சகர்கள் கேட்காத ஒரு கேள்வியை வாசகர்கள் கேட்பார்கள்: "நானோ குடும்பஸ்தன், இந்தக் காதல் என் காதல் அல்லவே, எனக்கென்ன?" நியாயமான கேள்வி. நாடிழந்த ராஜாவின் கதையைக் கேட்டு நாம் அழுதபோது நம்மில் எத்தனை பேருக்கு நாடு இருந்தது? இழப்பு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது, அது போதுமாயிருந்தது. வயது முதிர்ந்து, பட்டமும் பதவியும் வந்து, வாழ்க்கை இனி இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்ட ஒருத்திக்கு, இன்னும் ஒன்றும் முடிந்துவிடவில்லை என்று தெரியவருகிறது. அந்தச் செய்தி சந்தோஷத்தைவிட முதலில் பயத்தைத்தான் தருகிறது. அந்தப் பயம் தெரியாத குடும்பஸ்தர் யாராவது இருந்தால் அவர் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம்.

மற்றவர்கள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கடைசியில் யாராவது செத்திருந்தால் இன்னும் ஆழமாக இருந்திருக்குமே" என்று தோன்றினால், படத்தின்மேல் பழிபோடும் முன், ஆழம் என்றால் சவக்குழியின் ஆழம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று சற்றே யோசிக்கட்டும்.